மழைக்காலம் முடிந்தது, கூரையை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

சிப்புட்_வீடு:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒற்றை மாடி வீடு. முன்பக்கம் ஓடு, பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறைக்கு நெளிதகரம். தகரம் போட்டு 12 வருஷம் ஆகிறது. அக்டோபர், நவம்பர் மழைக்குப் பிறகு சமையலறை சீலிங்கில் தட்டு அளவுக்குப் பழுப்புக் கறை. சொட்டுவதில்லை, ஆனால் கறை விரிகிறது. கறைக்கு நேர் மேலே சிலிக்கான் அடித்தால் போதுமா? பக்கத்தில் ஒரு பழைய அஸ்பெஸ்டாஸ் கொட்டகையும் இருக்கிறது, அதையும் ஏறிப் பார்க்க வேண்டுமா?

தகரவேலை:
சிலிக்கானை இப்போது தொடாதீர்கள் சகோதரி. கறைக்கு நேர் மேலே ஓட்டை இருப்பது அபூர்வம். உள்ளே புகுந்த தண்ணீர் தகரத்தின் அடிப்பக்கத்தையோ சட்டத்தையோ பிடித்தபடி சரிவில் இறங்கி, ஏதாவது தடுக்கும் இடத்தில்தான் விழும். அதனால் கறையிலிருந்து மேட்டுப்பக்கமாகத் தேடுங்கள்.

முதல் சோதனை உள்ளிருந்து. நல்ல வெயில் நேரத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சீலிங் பலகை ஒன்றை விலக்கிப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் ஓட்டை. திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருந்தால் துத்தநாகப் பூச்சு அரிபடுகிறது. செந்துரு என்றால் இரும்பே போகிறது. மரச்சட்டத்தை ஸ்குருடிரைவர் முனையால் குத்துங்கள். மெத்தென்று இறங்கினால் உளுத்துவிட்டது, அல்லது கரையான்.

12 வருஷத் தகரத்தில் என் முதல் சந்தேகம் திருகுகளின் ரப்பர் வாஷர்மேல்தான். வெயிலில் தகரம் 65 டிகிரி வரை சுடும், மதிய மழை விழுந்ததும் 25-க்கு இறங்கும். அந்த 40 டிகிரி வித்தியாசத்தில் 6 மீட்டர் தகரம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. தினமும் இப்படி அசைந்தால் திருகுத் துளை அகலும், வெயிலில் காய்ந்த ரப்பர் வெடிக்கும். தளர்ந்த திருகை அதே துளையில் முறுக்கிப் பயனில்லை. 12-ஆம் எண் திருகைக் கழற்றி, அதைவிடத் தடித்த 14-ஆம் எண் போடுங்கள், புது வாஷரோடு. ரப்பர் தகரத்தில் படிந்து லேசாக அமுங்கினால் போதும். பிதுங்கி வெளியே வந்தால் அளவுக்கு மீறி முறுக்கிவிட்டீர்கள், சீக்கிரமே கிழியும்.

ஓட்டுக்கூரை:
தகரம் பழைய வீட்டுச் சுவரைத் தொடும் இடத்தையும் விடாதீர்கள். இழுத்துக் கட்டிய சமையலறைகளில் பெரும்பாலான ஒழுக்கு அங்கேதான். அந்த மூட்டை மூடும் தகரப்பட்டையின் மேல்விளிம்பு சுவரில் வெட்டிய நீளப் பள்ளத்துக்குள் போயிருக்க வேண்டும். வெறும் சாந்தால் ஒட்டியிருந்தால் இரண்டொரு வருஷத்தில் மயிரிழை விரிசல் விடும்.

சரிவையும் அளந்து பாருங்கள். நெளிதகரத்துக்குக் குறைந்தது 5 டிகிரி வேண்டும், அதாவது மீட்டருக்கு 9 சென்டிமீட்டர் இறக்கம். அதற்குக் குறைந்தால் காற்றோடு வரும் மழை இரண்டு தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடுக்கில் புகுந்துவிடும்.

எந்த இடம் என்று உறுதி செய்ய ஹோஸ் போதும். கீழிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பகுதியிலும் 10 நிமிஷம் தண்ணீர் விட்டுப் பிறகுதான் மேலே நகர வேண்டும், உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா மூட்டும் ஒரே நேரத்தில் நனைந்து, குற்றவாளி எது என்று தெரியாமல் போகும்.

சிப்புட்_வீடு:
ரொம்ப நன்றி அண்ணே. மூட்டில் விரிசல்தான் என்றால் எந்த சிலிக்கான் வாங்குவது?

ஓட்டுக்கூரை:
நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். புளிக்காடி வாசம் வருகிற வகையில் இருக்கும் அமிலம் தகரப் பூச்சைத் தின்றுவிடும். பழையதைச் சுரண்டி எடுத்து, உலர்த்திய பிறகே பூசவும். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும்போது கட்டரையும் (கூரை ஓரத் தண்ணீர்க் காலையும்) ஓட்டுப் பள்ளங்களையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாரிவிடுங்கள். ஊறிய சருகுக்கு அடியில் தகரம் காயவே காயாது.

தோட்டப்பாதுகாப்பு:
கொட்டகையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அஸ்பெஸ்டாஸ் தகட்டில் தயவுசெய்து கால் வைக்காதீர்கள், பழசானால் ஆள் பாரம் தாங்காமல் சட்டென்று உடையும். பாசி பிடித்திருந்தாலும் சுரண்டவோ, துளையிடவோ, ஜெட் தண்ணீர் அடிக்கவோ கூடாது. நார் காற்றில் பறந்து நுரையீரலுக்குள் போகும். தரையில் நின்று பைனாகுலரில், இல்லையென்றால் கைபேசியைப் பெரிதாக்கி விரிசல் பார்த்தால் போதும். மாற்றுவதானால் அந்த வேலை தெரிந்த குத்தகையாளரை அழையுங்கள். உடைந்த துண்டை எரிக்காதீர்கள், குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள். அஸ்பெஸ்டாஸ் தூசும் நாரும் மலேசியாவின் 2005 கழிவு விதிகளின்படி அட்டவணைக் கழிவு, அதாவது ஆபத்தானது என்று பட்டியலிட்ட கழிவு. கொண்டுபோக ஆள் வரும்வரை நனைத்து, தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றி, பிள்ளைகள் கை படாத இடத்தில் வையுங்கள்.