புதுப்பிப்பு: சின்ன பேஸ்பால் மட்டையில் மை பரவுவது நின்றது

மகனின் அணியில் உள்ள 12 பிள்ளைகளுக்கும் 18 அங்குல மர மட்டையில் பெயர் எழுதுகிறேன், அழியாத மார்க்கரின் மை மர ரேகையோடு ஓடிவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "முதலில் வார்னிஷ் பூசுங்கள், அப்புறம் எழுதுங்கள்" என்ற யோசனைதான். பூச்சு இல்லாத மரம் மையை உறிஞ்சிவிடுகிறது. 220 எண் உப்புத்தாளால் ரேகை போகும் திசையிலேயே தேய்த்து, தூசியைத் துடைத்து, நீர் சார்ந்த வார்னிஷை மெல்லிசாகப் பூசினேன். காய்ந்ததும் மட்டை சொரசொரவென்று இருந்தது. ஈரம் பட்டால் மர இழைகள் எழும்பும், பயப்பட வேண்டாம். 320 எண் தாளால் லேசாகத் தேய்த்து இன்னொரு முறை பூசினேன். அதன்மேல் எழுத்து கூர்மையாக நின்றது.

எழுதும் இடத்தின் ஓரத்தில் டேப் ஒட்டும் யோசனை எனக்குப் பலிக்கவில்லை. மை டேப்புக்கு அடியில் ரேகை வழியாகவே நுழைந்துவிட்டது.

எதிர்பாராதது கடைசியில் வந்தது. பாதுகாப்புக்காக, சீக்கிரம் காயும் பளபளப்புப் பூச்சான லாக்கர் (lacquer) ஸ்பிரே அடித்தேன். இரண்டு மட்டைகளில் கறுப்பு எழுத்து கரைந்து ஊதாவாக வழிந்தது. அந்த ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் மார்க்கர் மையையும் கரைத்துவிடுகிறது. பிள்ளைகளுக்கான பொருள் என்பதால் மிகவும் வருத்தமாகிவிட்டது. அந்த இரண்டையும் தேய்த்து, மற்றவற்றையும் சேர்த்து அக்ரிலிக் பெயின்ட் பேனாவால் எழுதினேன். ஒரு நாள் காயவிட்டு, மேலே அதே நீர் சார்ந்த வார்னிஷ். எதுவும் கரையவில்லை.

காயவைக்க, கைப்பிடிக் குமிழில் சிறு வளையத் திருகு மாட்டித் தொங்கவிட்டேன். மெல்லிய துளை போட்ட பிறகே திருகுங்கள், இல்லாவிட்டால் மரம் பிளக்கும்.