ஹொகாடோ செமாவின் 14.65 மீட்டர்: அளவுக்கு மீறிக் கொண்டாடுகிறோமா?

தடகளப்பிரியன்:
பாரிஸ் பாராலிம்பிக்கில் (2024) குண்டு எறிதல் எஃப்57 பிரிவில் (கால் பாதிப்புள்ளவர்கள் உட்கார்ந்து எறியும் பிரிவு) நாகாலாந்துக்காரரான ராணுவ வீரர் ஹொகாடோ செமா வெண்கலம் வாங்கியதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நின்று எறியும் நம் நாட்டு வீரர் தஜிந்தர்பால் சிங் தூர் 7.26 கிலோ குண்டை 21 மீட்டருக்கு மேல் எறிந்திருக்கிறார், இங்கே 4 கிலோவுக்கு 14.65. சிலர் இரண்டையும் சமமாக வைத்து எழுதுவது சரியில்லை.

மலர்விழி:
நின்று எறிபவர் வட்டத்துக்குள் நகர்ந்தோ சுழன்றோ வந்து, காலில் பிறக்கும் வேகத்தை இடுப்புக்கு ஏற்றி, கடைசியில்தான் கைக்குக் கொண்டுவருகிறார். எஃப்57இல் தரையோடு கட்டிய இருக்கையில் உட்கார்ந்தபடியே எறிய வேண்டும், எறியும்போது உட்காருமிடம் எழும்பினால் ஃபவுல். நான் கல்லூரியில் குண்டு எறிந்தவள். ஒருநாள் ஸ்டூலில் உட்கார்ந்து அதே குண்டை எறிந்து பார்த்தேன், நான் வழக்கமாக எறியும் தூரத்தில் பாதிகூடப் போகவில்லை, ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழப்பார்த்தேன்.

தடகளப்பிரியன்:
சரி, எடையை வைத்துப் பேசியது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் ஒன்று. முப்பது தாண்டி, 2016இல்தான் குண்டையே தொட்டவர் எட்டு வருடத்தில் பாராலிம்பிக் பதக்கம் வாங்குகிறார் என்றால், அந்தப் பிரிவில் போட்டி குறைவு என்றுதானே அர்த்தம்?

மலர்விழி:
தங்கம் வாங்கிய ஈரானின் யாசின் கொஸ்ராவி எறிந்தது 15.96. நம் நாட்டின் சோமன் ராணாவும் ராணுவத்துக்காரர், 14.07 எறிந்தும் ஐந்தாம் இடம்தான். இதையா போட்டி குறைவு என்கிறீர்கள்? செமா தாமதமாக வந்தார் என்கிறீர்களே, 2002 அக்டோபரில் காஷ்மீர் சௌகிபாலில் கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனபோது அவருக்கு வயது 18. சிறப்புப் படையில் சேரும் கனவோடு இருந்த பையன். அதற்குப் பிறகு 14 வருடம், அதை ஏன் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்கிறீர்கள்?

ஊர்க்குருவி:
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். செமா புனேயில் ராணுவத்தின் பி.இ.ஜி. (பாம்பே பொறியாளர் படைப்பிரிவு) மையத்தில் இருந்தார், அங்கே கண்டெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். என் தம்பிக்கும் ஒரு கால் இல்லை, தோளில் நல்ல பலம் உண்டு. எங்கள் பக்கத்து மைதானத்தில் கட்டி உட்காரவைக்கும் இருக்கை கிடையாது, பிளாஸ்டிக் நாற்காலியை நான் பின்னாலிருந்து பிடித்துக்கொள்கிறேன், அவன் எறிகிறான்.

தடகளப்பிரியன்:
அது ராணுவத்தின் பெருமை என்றுதான் நானும் சொல்ல வருகிறேன், தம்பி.

மலர்விழி:
இல்லை அண்ணா, ராணுவம் இருக்கையைத்தான் கொடுத்தது. எறிந்தவர் செமா.