உதவி: ஜப்பானில் சுடும் தூத்துக்குடி மக்ரூன் மறுநாளே பிசுபிசுக்கிறது

முத்துநகர் மகள் (சைதாமா), ஜூன் 24

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் தூத்துக்குடி, சைதாமாவுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. கேக், பன், பிஸ்கட் எல்லாம் இங்கேயே சுட்டுப் பழகிவிட்டேன். மக்ரூன் மட்டும் கைக்கு வரவில்லை. மூன்று சனிக்கிழமை, மூன்று தட்டு, மூன்றும் வீண்.

ஓவனிலிருந்து எடுக்கும்போது ஓரளவு சரியாகத்தான் இருக்கிறது. வெள்ளையாக இல்லாமல் தேங்காய் பிஸ்கட் நிறத்துக்குப் போய்விடுவது ஒரு குறை. ஆறவைத்து டப்பாவில் போட்டு மறுநாள் காலையில் திறந்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. அடியில் பாகு கசிந்து காகிதமே ஈரமாகிவிடுகிறது. ஊர் மக்ரூன் கடித்ததும் பொரபொரவென்று உதிர்ந்து நாக்கில் கரையுமே, அது இல்லை. பல்லில் அப்புகிறது.

அம்மாவின் கணக்கு: நாலு முட்டையின் வெள்ளைக்கரு, 200 கிராம் சீனி, 200 கிராம் முந்திரி. நான் எடுத்தது எல் அளவு முட்டை நாலு, சூப்பர் மார்க்கெட்டில் எல்லோரும் வாங்கும் வெள்ளைச் சீனி, உப்புப் போடாத வறுத்த முந்திரி. 26 லிட்டர் ஓபுன் ரென்ஜியில் (மைக்ரோவேவும் ஓவனும் சேர்ந்த பெட்டி) 120 டிகிரி, ஒரு மணி நேரம்.

ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா. ஜூலை 26 கொடியேறியதிலிருந்து ஊரில் எங்கள் வீட்டு மக்ரூன் டப்பா காலியாகவே இருக்காது. இந்த வருஷம் திருவிழா அன்று நம்ம ஊர்க் குடும்பங்கள் நாலு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பிள்ளைகளிடம் மக்ரூன் உண்டு என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். தயவுசெய்து யாராவது வழி சொல்லுங்கள்.

கனகாவா தம்பி, ஜூன் 24

அக்கா, உள்ளே ஈரம் நிக்குதுன்னா சூடு பத்தலைன்னு தோணுது. 150 வச்சுப் பாருங்களேன்.

முத்துநகர் மகள், ஜூன் 24

மூன்றாவது தட்டுக்கு அதைத்தான் செய்தேன் தம்பி. மேலே பழுப்பேறி வெடித்துவிட்டது, நடுவில் ஈரப்பஞ்சு மாதிரி இருந்தது. அதுதான் மூன்றிலும் மோசம்.

நகோயா அக்கா, ஜூன் 25

சூட்டைக் கூட்ட வேண்டாம். மக்ரூனைச் சுடுவது என்பதே பேச்சு வழக்கு, நடப்பது காயவைப்பது. ஊரில் விறகு அடுப்பு தணிந்த பிறகு மிச்சச் சூட்டில் மணிக்கணக்காக விட்டுவிடுவார்கள். நிறம் மாறாமல் ஈரம் மட்டும் வெளியேற வேண்டும்.

எனக்கு உங்கள் சீனிமேல்தான் சந்தேகம். பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் மூன்று கான்ஜி, அதாவது ஜப்பானியச் சித்திர எழுத்து, இருக்கும். மேல், வெள்ளை, சர்க்கரை என்ற பொருளுள்ள எழுத்துகள் என்றால் அது ஜோஹாகுதோ. இந்த ஊர் வீடுகளில் சீனி என்றாலே அதுதான், வேறு நாடுகளில் காண்பது அபூர்வம். பார்வைக்கு நம் சீனி மாதிரியே இருப்பதால் நாம் எல்லோருமே முதலில் அதைத்தான் வாங்குகிறோம். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் ஈர மணல் மாதிரி பிடித்த வடிவத்திலேயே நின்றால் ஜோஹாகுதோ. பொலபொலவென்று விரலிடுக்கில் வழிந்தால் குரானியூதோ, நம் ஊர்ச் சீனிக்குப் பக்கத்தில் வருவது.

ஜோஹாகுதோவின் மணிகள்மேல் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்த பாகை மெல்லிசாகப் பூசியிருப்பார்கள். நூற்றுக்கு ஒரு பங்கு சொச்சம்தான். ஆனால் உங்களுடைய இரண்டு தொல்லைக்கும் அந்த ஒரு பங்கு போதும். ஃப்ரக்டோஸ் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால்தான் டப்பாவுக்குள் பிசுபிசுப்பு. இந்த இரண்டு சர்க்கரையும் முட்டையின் புரதத்தோடு சேர்ந்து சூட்டில் சீக்கிரம் பழுக்கும், அதனால் நிறம். கஸ்தேரா என்கிற நாகசாகி கேக், பஞ்சு கேக், குழம்பு மாதிரி கொதிக்கும் ஜப்பானியச் சமையல் இதற்கெல்லாம் இந்த ஈரமும் நிறமும் நல்லது. மக்ரூனுக்கு இரண்டுமே பகை.

பொடித்த சீனி வாங்கிப் போடலாம் என்று நினைத்தால் பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். சிலதில் சோளமாவு கலந்திருக்கும். குரானியூதோவை நாமே பொடிப்பது நிம்மதி.

முத்துநகர் மகள், ஜூன் 25

அக்கா! இப்போதுதான் அள்ளிப் பிடித்துப் பார்த்தேன். கொழுக்கட்டை மாதிரி ஐந்து விரல் பதிவும் அப்படியே நிற்கிறது. நாலு வருஷமாக இதில்தான் காபி குடிக்கிறேன், ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

ஓசாகாவாசி, ஜூன் 26

நகோயா அக்கா சொன்ன சீனிக் கணக்கு முழுக்கச் சரி. அதோடு முட்டையையும் எடைபோட்டுப் பாருங்கள். இங்கே எல் என்றால் ஓட்டோடு 64 முதல் 70 கிராம், எம் என்றால் 58 முதல் 64. மஞ்சள் கரு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், கூடுவது வெள்ளைதான். நாலு எல் முட்டையில் வெள்ளை 160 கிராமை நெருங்கிவிடும். அதற்கு 200 கிராம் சீனி போதவே போதாது. இந்த மாதிரி காயவைக்கும் பலகாரத்தில் வெள்ளைக்கருவின் எடைக்கு இரண்டு பங்கு சீனி இருந்தால்தான் நுரை கெட்டியாக நிற்கும். அம்மா எந்த முட்டையில் செய்வார்கள் என்று கேளுங்கள்.

முந்திரியும் ஒரு காரணமாக இருக்கலாம். வறுத்த முந்திரியை அரைத்தால் சட்டென்று எண்ணெய் விடும், எண்ணெய் பட்டால் முட்டை நுரை உட்கார்ந்துவிடும். நொறுக்குத்தீனி வரிசையில் இருப்பதை விட்டுவிட்டு, கேக் சாமான் விற்கும் கடையில் வறுக்காத முந்திரி கேளுங்கள். தோமிசாவா கடையில் பார்த்திருக்கிறேன். தோக்கியோவில் நம்மவர் நிறைய இருக்கும் நிஷி கசாய் பக்கம் போனால் நம்மவர் மளிகைக் கடைகளிலும் கிடைக்கும். அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, விட்டு விட்டு அரையுங்கள். ரவை பதம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும், இன்னும் ஒரு சுற்று என்று ஆசைப்பட்டால் முந்திரி வெண்ணெயாகிவிடும். ஊர் மிக்ஸியை நம்ப வேண்டாம். அது 230 வோல்ட், இங்கே 100 வோல்ட். முக்கி முனகிச் சுற்றுவதற்குள் பருப்பு சூடாகி எண்ணெய் கக்கிவிடும்.

முத்துநகர் மகள், ஜூன் 26

அம்மாவுக்கு போன் போட்டேன். "நம்ம வீட்டுக் கோழி முட்டைதானே போடுவேன், இது என்ன கேள்வி" என்றார்கள். நாட்டுக்கோழி முட்டை! உள்ளங்கையில் இரண்டு அடங்கும். ஒரு முட்டைக்கு 25 கிராம் வெள்ளை என்று வைத்தாலும் நாலுக்கு 100 கிராம்தான். 200 கிராம் சீனி, கச்சிதமாக இரண்டு பங்கு. அம்மாவின் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது, நான்தான் வேறு முட்டையை அதில் போட்டிருக்கிறேன்.

ஃபுகுவோகா ஜெனி, ஜூன் 27

தீர்வு சொல்ல ஒன்றும் இல்லை, சந்தோஷத்தில் எழுதுகிறேன். நானும் மணப்பாடு பக்கம்தான். இங்கிருந்து நாகசாகி கூப்பிடு தூரம். அங்கே கஸ்தேரா சாப்பிட்டபோது அடியில் கரையாத சீனிக்கல் நறநறவென்று பல்லில் பட்டது. சாராமே என்று பெயராம். முட்டையையும் சீனியையும் நுரையாக அடித்துச் செய்யும் அந்தப் பழக்கத்தை போர்த்துகீசியர் கொண்டு வந்ததாகச் சொன்னார்கள். நம் மக்ரூனுக்கும் ஊரில் இதே கதைதானே சொல்வார்கள். சவேரியார் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார், 1549இல் ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அவர் நடந்த இரண்டு கரையிலும் இன்றைக்கும் முட்டையும் சீனியும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உங்கள் மக்ரூன் நன்றாக வரும் அக்கா.

முத்துநகர் மகள், ஜூலை 4

ஓசாகாவாசி சொன்ன முந்திரி கிடைத்தது. இன்று ஒரே மாவுக்கணக்கில் இரண்டு பாதி செய்தேன், சீனியை மட்டும் மாற்றி. ஒரு பாதிக்குப் பழைய ஜோஹாகுதோ, ஒரு பாதிக்கு குரானியூதோ. ஒரே தட்டில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. சூடு 100 டிகிரி, 90 நிமிஷம்.

வித்தியாசம் அடிக்கும்போதே தெரிந்தது. ஜோஹாகுதோ நுரை பளபளவென்று தளர்ந்து வழிந்தது. மற்றது கரண்டியைத் தூக்கினால் கொக்கு மூக்கு மாதிரி நின்றது. வெந்தபின் வலப்பக்கம் வெள்ளை, இடப்பக்கம் இளம்பழுப்பு. காரணம் சீனிதான், கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஆனால் வெள்ளையாக வந்ததும்கூட ராத்திரிக்குள் மெத்தென்று ஆகிவிட்டது. மொறுமொறுப்பு நிற்கவில்லை. வெளியே விடாத மழை.

நகோயா அக்கா, ஜூலை 5

பாதி ஜெயித்துவிட்டீர்கள். மிச்சம் ஓவனும் ட்சுயு என்கிற இந்த ஊர் மழைக்காலமும்.

இந்த ஓபுன் ரென்ஜிகள் சின்னப் பெட்டி, கதவு இறுக்கமாக மூடும். தட்டிலிருந்து எழும் ஆவி போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து, நாலு நொடி ஆவியை வெளியே விட்டு மூடுங்கள். தட்டைக் கீழ் வரிசையில் வையுங்கள். சூடாக்குவதற்கு முன்னால் அதே பெட்டியில் மைக்ரோவேவில் சோறோ பாலோ சூடு பண்ணியிருந்தால் சுவரில் நீர் முத்து கோத்திருக்கும், துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். 90 நிமிஷம் முடிந்ததும் எடுக்க வேண்டாம். அணைத்துவிட்டு, கதவு இடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, முழுக்க ஆறும்வரை உள்ளேயே விடுங்கள். அதுதான் உங்கள் விறகு அடுப்பு.

அறையில் ஏசியை ட்ரை என்ற நிலையில் ஓட விடுங்கள். ஆறியதும் ஒரு நிமிஷம்கூட வெளியில் வைக்காமல் செம்பே (அரிசி பிஸ்கட்) வரும் தகர டப்பாவில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வையுங்கள். நூறு யென் கடையில் கிடைக்கும். நோரி (காய்ந்த கடற்பாசித் தாள்) பாக்கெட்டில் வரும் பொட்டலத்தை எடுத்து வைப்பதானால் கவனம். அதில் சிலது சுட்ட சுண்ணாம்பு, தண்ணீர் பட்டால் கொதிக்கும். கிழிந்த பொட்டலத்தைத் தொட வேண்டாம், பிள்ளைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கனகாவா தம்பி, ஜூலை 5

150 வைக்கச் சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க அக்கா. நானும் சீனியை மாத்திட்டேன். கல்யாணமாகி வந்த புதுசுல வீட்ல சுட்ட பிஸ்கட் ஏன் மறுநாளே நமுத்துப் போச்சுன்னு இப்பத்தான் புரியுது.

முத்துநகர் மகள், ஆகஸ்ட் 6

நேற்று திருவிழா முடிந்தது. மக்ரூன் 74 சுட்டேன், இன்று காலை டப்பாவில் மூன்று மிச்சம். மூன்றும் இன்னும் மொறுமொறுவென்றுதான் இருக்கிறது. தட்டிலிருந்து எடுக்கும்போது காகிதத்தைவிட்டுத் தானாகக் கழன்று வந்தது, நகத்தால் தட்டினால் ஓடு மாதிரி ஒரு சத்தம். காயல்பட்டினத்து அண்ணன் ஒருவர் வாயில் போட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. என் மகள் ஜப்பான் வந்த பிறகு மக்ரூன் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. எனக்கு வேறென்ன வேண்டும்.

தேடி வருகிறவர்களுக்காக முடிவான கணக்கு: வெள்ளைக்கரு 100 கிராம் (எம் முட்டை மூன்று, தராசில் வைத்து எடுத்தது), பொடித்த குரானியூதோ 200 கிராம், வறுக்காத முந்திரி 200 கிராம், எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு. சீனியை நாலைந்து தடவையாகச் சேர்த்து அடித்து, முந்திரியைக் கடைசியில் கரண்டியால் மடித்துச் சேர்த்தேன். மற்றதெல்லாம் நகோயா அக்கா சொன்னபடியே. இரண்டு தடவையாகச் செய்தேன்.

படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நிறம் சரி. நுனி ஏன் எல்லாம் ஒரே பக்கமா சாயுது?" என்று கேட்கிறார்கள். காகிதக் கூம்பில்தான் பிழிந்தேன். இதற்கும் யாராவது சொல்லுங்களேன்.

நகோயா அக்கா, ஆகஸ்ட் 6

பிழிந்துகொண்டே கையை இழுக்கிறீர்கள். முதலில் அழுத்தத்தை விடுங்கள், ஒரு நொடி பொறுங்கள், அப்புறம் கூம்பை நேர் மேலே தூக்குங்கள்.