ஹெபடைடிஸ் பி ஊசி போட்டும் எதிர்ப்புச் சக்தி வராதவர்கள் இருக்கிறீர்களா?

கொட்டாஞ்சேனைத் தாதி:
0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசியும் போட்டாயிற்று. இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவைப் பார்த்தால் 10க்குக் கீழே, 10ஆவது வேண்டும். திரும்ப மூன்று, திரும்பவும் 10க்குக் கீழே. பொறுப்புத் தாதி ரிப்போட்டைத் தூக்கிப் பிடித்து, முழு வாட்டுக்கும் கேட்க, "நீர் ஒழுங்காப் போட்டிருக்க மாட்டீர்" என்றா. அதுதான் இன்னும் ஆறவில்லை. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற அண்ணாவுக்கும் இதே கதை. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு எப்படி?

தெஹிவளை பார்மசி:
தங்கச்சி, மருந்து வைத்த ஃபிரிட்ஜை விசாரியுங்கள். இந்த ஊசி மருந்து உறைந்தால் சக்தி போய்விடும். முன்பு நான் வேலை செய்த இடத்தில் ஐஸ் தட்டோடு ஒட்டி வைத்த பெட்டி முழுவதையும் எறிந்தார்கள்.

பொரளை ஆய்வுகூடம்:
அண்ணை, மருந்து பழுதென்றால் அவவோடு போட்ட மற்றவர்களுக்கும் வராதே? வளர்ந்தவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு மூன்று ஊசியிலும் போதிய எதிர்ப்புச் சக்தி வராது. வயது, புகைத்தல், உடற்பருமன் ஒரு பக்கம். மறுபக்கம் 6ஆம் குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ மரபணுக்கள். வைரஸ் புரதத்தின் துண்டைப் பிடித்து, எதிர்ப்பைத் தூண்டும் வெள்ளையணுவான டி செல்லுக்குக் காட்டுவது அவைதான். அவற்றில் ஒன்றான டிஆர்பி1 மரபணுவின் 03, 07 வகைகள் உள்ளவர்களிடம் இந்தச் சிக்கல் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. உடன்பிறந்தவர்களுக்கு ஒரே எச்எல்ஏ தொகுதி வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு.

அக்கா, முதலில் வைரஸே உடம்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வைரஸ் தங்கியவர்களுக்கும் இந்த எண் ஏறாது. இல்லையென்றால், வேலையில், வைரஸ் உள்ளவருக்கோ உள்ளதா என்று தெரியாதவருக்கோ போட்ட ஊசி குத்திவிட்டால் காத்திருக்க வேண்டாம்: இம்யூனோகுளோபுலின், அதாவது ஆயத்தமாக உள்ள எதிர்ப்புப் பொருள், உடனே ஒன்று, ஒரு மாதத்தில் இன்னொன்று. அப்புறம், அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்ற ஊசி ஒன்றில் வேறு தூண்டுபொருள் சேர்த்திருக்கிறார்கள். இரண்டே ஊசி. வழக்கமான ஊசியைவிடக் கூடுதல் பேருக்கு எதிர்ப்புச் சக்தி வருகிறது.

வெள்ளவத்தை:
பெரியம்மாவுக்குச் சிறுநீரகம் மாற்றும்போது எச்எல்ஏ தாளைக் கண்டேன். டொக்டர் அவவுடையதையும் சித்தியுடையதையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக விரலோட்டினார், எல்லாம் பொருந்தியது. தடுப்பூசிக்கு ஏன் அந்தத் தாளைப் பார்ப்பதில்லை? தோல் புற்றுநோய்க்குப் பார்க்கிறார்கள். கட்டியின் மாற்றங்களையும் நோயாளியின் எச்எல்ஏயையும் வைத்து, கட்டியின் புரதத் துண்டுகளில் 34 வரை தெரிவு செய்து ஆளுக்கொரு எம்ஆர்என்ஏ ஊசி. 157 பேரிடம் நடந்த ஆய்வில், பெம்ப்ரோலிசுமாப் என்ற புற்றுநோய் மருந்து மட்டும் பெற்றவர்களைவிட, இதையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு நோய் திரும்பும் அல்லது இறக்கும் ஆபத்து 44 சதவீதம் குறைந்தது. துண்டுகளைத் தெரிவு செய்யும் கணினி முறைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவரின் தரவில் பழகியவை. எங்கள் ஆட்களின் எச்எல்ஏயையும் இப்போதே சேர்க்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைத் தாதி:
பொரளைத் தம்பி, வைரஸ் இல்லை, பார்த்தாயிற்று. இம்யூனோகுளோபுலின் விஷயத்தை வாட்டில் எழுத்தில் கொடுக்கப் போகிறேன். அண்ணாவையும் கொடுக்கச் சொல்கிறேன்.