6 ஆம்பியர் பிளக்கில் போர்ட்டபிள் சோலார் இன்வெர்ட்டர் தாங்குமா?
வணக்கம். பெரம்பூரில் பழைய வாடகை வீடு. 2023 மிக்ஜாம் புயலில் கரண்ட் இல்லாமல் அப்பாவின் இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினோம். அதனால்தான் போர்ட்டபிள் சோலார் இன்வெர்ட்டர் சார்ஜர் வாங்கப் பார்க்கிறேன்.

மழைநாளில் சுவர் பிளக்கில்தான் சார்ஜ் போட வேண்டும். அதற்கே 1100 வாட் இழுக்கும். கூடவே அதன் வழியாக ஃப்ரிட்ஜ், டிவி, இரண்டு ஃபேன் ஓடினால் 1500 வாட்டைத் தொடும். 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர். ஹாலில் இருப்பதோ 6 ஆம்பியர் பிளக், 1.5 ஸ்கொயர் எம்எம் வயர். போன வாரம் அயர்ன்பாக்ஸுக்கே பிளக் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறிவிட்டது.

சார்ஜிங் வாட்டைக் குறைத்தால் போதுமா, 2.5 வயரில் தனி 16 ஆம்பியர் பாயிண்ட் இழுக்கணுமா? அவுட்புட்டை நேராக மெயின் போர்டில் கொடுக்கலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். சேஞ்ச்ஓவர் (மெயின் லைனும் இன்வெர்ட்டரும் ஒன்றாக இணையாமல் மாற்றிவிடும் சுவிட்ச்) இல்லாமல் கொடுத்தால் கரண்ட் திரும்ப வெளியே போய் லைனில் வேலை செய்பவர் உயிருக்கே ஆபத்து, நான் சம்மதிக்கவில்லை. இப்படி மாட்டியவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.