ஸ்க்விட்ல எம்பி4, எக்ஸ்இ தடுத்தும் இறங்குது, எங்க தப்பு?

லேப்காவலன்:
ஆபீஸ்ல 40 சிஸ்டம், ஒரே லைன், நடுவுல டெபியன் லினக்ஸ்ல ஸ்க்விட் (எல்லாரோட நெட்டும் இது வழியா போற ப்ராக்ஸி). மத்தியானம் ஆனா யாராவது படம் இறக்க ஆரம்பிச்சிடறாங்க, மத்தவங்களுக்கு மெயில் கூட திறக்க மாட்டேங்குது. எம்பி3, எம்பி4, எக்ஸ்இ, ஐஎஸ்ஓ எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல எழுதி யூஆர்எல்பாத் ரீஜெக்ஸ்ல (லிங்க்ல சைட் பேருக்கு அப்புறம் வர்றதை பேட்டர்ன் வச்சு பாக்கறது) ஏசிஎல் (எதைப் பிடிக்கணும்ங்கற பட்டியல்) போட்டு கான்ஃபிக் கடைசியில டினை, அதாவது தடு, குடுத்தேன். எர்ரரும் இல்ல, எதுவும் நிக்கவும் இல்ல.

பழையசர்வர்:
கடைசியில போட்டதுதான் வினை. ஹெச்டிடிபி ஆக்சஸ் வரிகளை ஸ்க்விட் மேலருந்து படிக்கும், முதல்ல எது பொருந்துதோ அதோட நின்னுடும், ஆபீஸ் சிஸ்டங்களை விடச் சொல்ற உங்க லோக்கல்நெட் அலோ வரி மேலயே எல்லாரையும் உள்ள விட்டுடுது. டினையை அதுக்கு மேல தூக்குங்க. ரீஸ்டார்ட் வேணாம், ரீகான்ஃபிகர் போதும். அப்புறம் புள்ளிக்கு முன்னாடி பேக்ஸ்லாஷ் போடுங்க, ரீஜெக்ஸ்ல வெறும் புள்ளின்னா எந்த எழுத்தும் பொருந்தும், வெறும் எக்ஸ்இன்னு விட்டா எக்ஸிக்யூட்டிவ்னு லிங்க்ல வர்ற பக்கமும் அடைபடும். கடைசில டாலர் (லிங்க் இங்க முடியணும்னு அர்த்தம்) மட்டும் இருந்தா கேள்விக்குறி போட்டு டோக்கன் வர்ற லிங்க் தப்பிச்சிடும், அதையும் சேர்த்து பிடிங்க.

லேப்காவலன்:
தூக்கிட்டேன் அண்ணா, சில சைட்ல 403 (அனுமதி இல்ல) வருது. ஆனா முக்கால்வாசி இன்னும் இறங்குதே?

ராத்திரிடூட்டி:
அதெல்லாம் ஹெச்டிடிபிஎஸ், என்க்ரிப்ட் பண்ணி வர்றது ப்ரோ. அங்க ஸ்க்விட்டுக்கு தெரியறது கனெக்ட்ங்கற கோரிக்கை, ஹோஸ்ட் பேரு, 443ங்கற போர்ட், அவ்ளோதான். ஃபைல் பேரு உள்ள பூட்டிக் கிடக்கு, மைம் டைப் (சர்வர் சொல்ற ஃபைல் வகை) பாத்து ரிப்ளைல தடுக்கலாம்னாலும் அதே கதைதான். பிரிச்சுப் பாக்கணும்னா எஸ்எஸ்எல் பம்ப் (ஸ்க்விட் நடுவுல நின்னு என்க்ரிப்ஷனைத் திறக்கறது), அதுக்கு ஸ்க்விட்-ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜ் வேணும், 40 சிஸ்டத்துலயும் உங்க சிஏ சர்டிபிகேட் (ஸ்க்விட்டை ப்ரவுசர் நம்பறதுக்கு) ஏத்தணும், பேங்க் சைட்டையெல்லாம் ஸ்ப்ளைஸ் பண்ணி தொடாம விடணும். ஸ்டாஃப் கிட்ட சொல்லாம இதைச் செய்யவே செய்யாதீங்க. உங்க தலைவலி லைன் அடைக்கறதுதானே, டிலே பூல் போட்டு ஆளுக்கு இவ்ளோ ஸ்பீடுன்னு கட்டுங்க, அது ஹெச்டிடிபிஎஸ்லயும் பிடிக்கும்.

பழையசர்வர்:
ஆமா, அதுதான் சரி. நான் ஒரு தடவை டாட் காம்னு முடியற பழைய டாஸ் புரோகிராம் ஃபைலைத் தடுக்கறேன்னு லிஸ்ட்ல டாட் காம் சேர்த்து, யூஆர்எல் ரீஜெக்ஸ்ல டாலர் போட மறந்துட்டேன். டாட் காம்ல முடியற சைட்டு அத்தனையும் காலி, முதல் போன் மேனேஜர் கிட்டேருந்து 😂

லேப்காவலன்:
😂 டிலே பூல் போட்டாச்சு, இப்ப மெயில் திறக்குது. எக்ஸ்இ டினை மட்டும் அப்படியே இருக்கட்டும்.