மூக்குக் கண்ணாடியோடு பைனாகுலர்: காட்சி குறுகுகிறது, கண் வலிக்கிறது. எதை வாங்கலாம்?

நெல்லைவாசி:

வணக்கம். பணி ஓய்வு பெற்றபோது உடன் வேலை பார்த்தவர்கள் ஒரு 12×25 பைனாகுலர் (12 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸின் குறுக்களவு 25 மில்லிமீட்டர்) பரிசளித்தார்கள். சீசன் தொடங்கியதும் அதை எடுத்துக்கொண்டு கூந்தன்குளம் போய் வருகிறேன். ஊருக்குள் மரங்களில் கூடு கட்டியிருக்கும் கூழைக்கடாவையும் மஞ்சள் மூக்கு நாரையையும் பார்க்கப் பைனாகுலரே வேண்டாம். குளத்து நடுவில் ஒதுங்கும் வரித்தலை வாத்தைப் பார்க்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதுபோல் நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டுமே தெரிகிறது. தலையை இம்மி அசைத்தாலும் ஓரத்தில் கருநிழல் பாய்கிறது. கால் மணி நேரம் பார்த்தால் புருவத்துக்கு மேலே வலிக்கிறது. பறக்கும் ஆலாவைப் பின்தொடர்வது நடக்காத காரியம். நான் எப்போதும் மூக்குக் கண்ணாடி அணிபவன். சிலிண்டர் பவரும் (சிதறல் பார்வைக்கான பவர்) உண்டு. ரப்பர் விளிம்பை மடித்துவிட்டுத்தான் பார்க்கிறேன். என் மனைவி கண்ணாடி அணியாதவர். அவருக்கு முழு வட்டமும் தெரிகிறதாம், ஆனால் கண்வலி அவருக்கும் வருகிறது.

பைனாகுலர் மேல் 87 மீ/1000 மீ என்று எழுதியிருக்கிறது. 15,000 ரூபாய் வரை செலவு செய்ய முடியும். பெரிதாகக் காட்டுவதை வாங்குவதா, அகலமாகக் காட்டுவதை வாங்குவதா?

வக்கா:

10×50 வாங்குங்கள். குளம் பெரியது, பறவைகள் தூரத்தில் இருக்கும். 12 மடங்குக்குப் பழகிய கண்ணுக்கு 8 மடங்கு சப்பென்று இருக்கும்.

மீன்கொத்தி:

ஐயா, வாங்குவதற்கு முன் கையில் இருப்பதைச் சோதித்துவிடுவோம். நீங்கள் சொல்வதில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் கலந்திருப்பதாக எனக்குப் படுகிறது. காட்சி குறுகுவது உங்களுக்கு மட்டும் நடக்கிறது. வலி இருவருக்கும் வருகிறது. அப்படியென்றால் இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்க முடியாது.

முதலில் குறுகும் காட்சி. 87 மீட்டர் என்பது 1000 மீட்டர் தொலைவில் தெரியும் அகலம். கோணத்தில் சொன்னால் 5 டிகிரி. 12 மடங்கு பெரிதாகும்போது அது கண்ணுக்கு ஏறத்தாழ 60 டிகிரி அகலமாக விரிய வேண்டும். குழாய்போலத் தெரியக் காரணமே இல்லை. உங்கள் மனைவிக்கு அந்த அகலம் கிடைக்கிறது, உங்களுக்குக் கிடைக்கவில்லை. இடையில் நிற்பது மூக்குக் கண்ணாடிதான்.

கண்ணருகு லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளிக் கண்ணை வைத்தால் முழு வட்டமும் தெரியுமோ, அந்தத் தூரத்தை ‘ஐ ரிலீஃப்’ என்பார்கள். இதை வீட்டிலேயே அளந்துவிடலாம். ஜன்னல் வழியே வெளிச்சமான வானத்தை நோக்கிப் பைனாகுலரை மேசையில் வையுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கண் வைக்கும் பக்கத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தாளில் விழும் ஒளிப்புள்ளி ஓரிடத்தில் விளிம்பு கூர்மையான சிறு வட்டமாகும். மடித்த ரப்பர் விளிம்பிலிருந்து தாள் வரை அளவுகோல் வையுங்கள். உங்கள் கண்பாவை வந்து நிற்க வேண்டிய இடம் அதுதான். மூக்குக் கண்ணாடி அணிந்தவருக்கு இது 15 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது பொது வழக்கு. 17 இருந்தால் நிம்மதி.

அந்த வட்டத்தின் குறுக்களவையும் பாருங்கள். 25-ஐ 12-ஆல் வகுத்தால் 2 மில்லிமீட்டர் சொச்சம். நல்ல வெயிலில் நம் கண்பாவையும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குச் சுருங்கியிருக்கும். இரண்டும் துல்லியமாக நேர்கோட்டில் நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் நிழல் பாயும். 8×42-இல் இந்த வட்டம் 5 மில்லிமீட்டருக்கு மேல். கண் சற்று விலகினாலும் வெளிச்சம் அறுபடாது. பார்ப்பது சுகமாக இருக்கிறது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான்.

அடுத்து வலி. எதிர் மாடியின் கைப்பிடிச் சுவர் அல்லது தூரத்து மின்கம்பி, ஏதாவது ஒரு படுக்கைக் கோட்டைப் பாருங்கள். பார்த்தபடியே பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு சாண் வரை மெல்ல விலக்குங்கள். இடது வட்டத்திலும் வலது வட்டத்திலும் கோடு ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் படி விழுந்தால் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டியான பிரிசம் நகர்ந்திருக்கிறது. கண்கள் உள்நோக்கித் திரும்பிச் சமாளிக்கும். ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் திருப்ப நம்மால் இயலாது. மூளை இரண்டு படங்களையும் ஒட்டவைக்க மல்லுக்கட்டுவதுதான் புருவ வலி.

நெல்லைவாசி:

செய்து பார்த்தேன். தாளில் வட்டம் விழுந்த இடம் விளிம்பிலிருந்து 8 மில்லிமீட்டர். மின்கம்பி இடது பக்கத்தைவிட வலது பக்கத்தில் தெளிவாக ஒரு படி கீழே இருக்கிறது. மனைவியையும் பார்க்கச் சொன்னேன், அவரும் அதையே சொன்னார்.

மீன்கொத்தி:

தெளிவாகிவிட்டது. படி விழுந்த பைனாகுலரை இனி அதிக நேரம் கண்ணில் வைக்காதீர்கள், இருவருமே. உத்தரவாதக் காலம் இருந்தால் மாற்றக் கேளுங்கள். அதைச் சரிசெய்தாலும் 8 மில்லிமீட்டர் உங்களுக்குப் போதாது. கண்ணாடியின் சில்லுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளியே அதைவிட அதிகம்.

உள்ளான்:

அண்ணாச்சி, 10×50 விஷயத்தில் வக்காவோடு எனக்கு உடன்பாடு இல்லை. மடங்கு கூடினால் கை நடுக்கமும் அதே அளவு கூடும். ஸ்டாண்டில் பொருத்திக் கோடியக்கரைச் சேற்றுப் பரப்பில் பூநாரைக் கூட்டத்தைப் பார்ப்பவருக்கு 10 மடங்கு பயன்படும். கையில் பிடித்துப் பறக்கும் ஆலாவைத் துரத்த 8 மடங்கே மேல்.

அகலத்தை மீட்டரில் கணக்கிட்டுப் பாருங்கள். உங்களிடம் இருப்பதில் 50 மீட்டர் தூரத்தில் நாலேகால் மீட்டர் அகலம்தான் தெரியும், அதுவும் கண்ணாடி அணியாதவருக்கு. 8.2 டிகிரி காட்டும் ஒரு 8×40-இல் அதே இடத்தில் 7 மீட்டருக்கு மேல் தெரியும். ஆலா தண்ணீரில் பாய்ந்து எழும்பித் திரும்பும்போதும் வட்டத்துக்குள்ளேயே இருக்கும்.

ஆனால் அகலம் அதிகம் என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். அகலக் காட்சியையும் நீண்ட ஐ ரிலீஃபையும் சேர்த்துத் தரக் கண்ணருகு லென்ஸ் பெரிதாக இருக்க வேண்டும். மலிவான தயாரிப்புகளில் அகலத்தைக் கொடுத்துவிட்டு ஐ ரிலீஃபில் கைவைத்துவிடுகிறார்கள். 8 டிகிரி என்று எழுதியிருந்தும் ஐ ரிலீஃப் 11, 12 மில்லிமீட்டர் என்றால், ஓரம் வெட்டுப்பட்டு 7 டிகிரி முழுதாகத் தெரியும் பைனாகுலரைவிடக் குறைவாகத்தான் உங்களுக்குத் தெரியும்.

நிகான் ஆக்‌ஷன் இஎக்ஸ் 8×40-ஐக் கையில் எடுத்துப் பாருங்கள். 8.2 டிகிரி, ஐ ரிலீஃப் 17 மில்லிமீட்டர். பழைய பாணி போரோ பிரிசம், அதாவது முன் லென்ஸும் கண்ணருகு லென்ஸும் ஒரே நேர்கோட்டில் இல்லாத வகை. எடை 850 கிராம் அளவில் வரும், கழுத்து கேட்காது. முதுகில் குறுக்காக மாட்டும் தோள்வார் வாங்கிக்கொள்ளுங்கள். எடை முக்கியம் என்றால் ரூஃப் பிரிசம் (நேர்குழல் வகை) 8×42. அகலம் கொஞ்சம் குறையலாம், ஆனால் பெரும்பாலும் 700 கிராமுக்குள் அடங்கும். ஜூம் வசதி உள்ளதையும், லென்ஸ் சிவப்பாக மின்னுவதையும் தொடவே வேண்டாம்.

வக்கா:

ஸ்டாண்ட் வைத்துப் பார்ப்பவன் நான், அதனால் அப்படிச் சொன்னேன். கையில் பிடிப்பதென்றால் உள்ளான் சொல்வது சரி. இன்னொன்று: கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் என்ன? நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

மீன்கொத்தி:

வெறும் கிட்டப்பார்வை என்றால் பார்க்கலாம், ஃபோகஸ் சக்கரமே அதைச் சரிசெய்துவிடும். சிலிண்டர் பவரை எந்தச் சக்கரமும் சரிசெய்யாது. ஐயா கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும்.

நெல்லைவாசி:

எல்லோருக்கும் நன்றி. அடுத்த வாரம் மதுரைக்குப் போகிறேன், அங்கே கடையில் நேரில் பார்த்துவிடுகிறேன். மனைவியும் அதே பைனாகுலரைத்தான் பயன்படுத்துவார். ஐ ரிலீஃப் அதிகமாக இருந்தால் அவருக்குத் தொந்தரவு வருமா?

உள்ளான்:

வரலாம். கண்ணாடி அணியாதவர் கண்ணை மிக நெருக்கமாக வைத்துவிடுவார், அப்போது அவருக்குக் கருந்திட்டுகள் மிதக்கும். அதனால் கண் விளிம்பு திருகி உயர்த்தும் வகையா என்று பாருங்கள். அவருக்கு முழுதாக உயர்த்தியும், உங்களுக்கு முழுதாக இறக்கியும் பார்க்க வேண்டும். இருவரையும் கடை வாசலுக்கு வந்து தெருவைப் பார்க்க விடவில்லை என்றால் அந்தக் கடை வேண்டாம். உள்ளே ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

வாசலில் முதல் வேலையாக இரு குழல்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டம் ஒரே வட்டமாகும் வரை உங்கள் கண் இடைவெளிக்குப் பொருத்துங்கள். பிறகு வலது குழலை மூடியால் மறைத்து, இடது கண்ணுக்கு நடுச் சக்கரத்தால் ஃபோகஸ் செய்யுங்கள். இடதை மறைத்து, வலது கண்ணுக்கு அங்குள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். இது முடிந்ததும் உங்கள் மின்கம்பிச் சோதனையை அங்கேயே செய்யுங்கள். புதுப் பெட்டியிலும் படி விழுந்தது இருக்கும். கடைக்காரர் காட்டிய மாதிரியைச் சோதித்துவிட்டு, வேறு பெட்டியை வாங்கி வந்துவிடாதீர்கள்.